குளிர்ந்த தேநீருக்கு ஒரு வக்காலத்து

கோத்தகிரிப் பக்கத்தில் பிறந்தவன் குளிர்ந்த தேநீருக்குப் பரிந்து பேசினால் விடுதி நண்பர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். தை மாதத்தில் உறைபனி படியும் ஊர் எங்களுடையது. தம்ளரை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக் குளிர்காயவே தேநீர் குடிப்பவர்கள் நாங்கள். தூள் தூக்கலாக, இஞ்சி தட்டிப் போட்டு, பாலோடு கொதித்து நாக்கைச் சுட்டால்தான் எனக்கும் அது தேநீர்!

சென்ற கோடையில் கோவை மாமா வீட்டில் ஐஸ் மிதக்கும் கண்ணாடிக் குவளையை நீட்டினார்கள். பாலில்லை. "இது தேநீரா, பானகமா?" என்று கேலி பேசிவிட்டுத்தான் குடித்தேன். பிறகு பேசவில்லை. வாயில் ஒரு மணம் நின்றது. கொழுந்து வாட்டும் தொழிற்சாலையைக் கடக்கும்போது மூக்கில் ஏறுமே, அதே மணம். பொட்டலத்தைப் பார்த்தேன். நீலகிரித் தேயிலை!

இது நேற்று முளைத்த நாகரிகமும் அன்று. 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி கண்காட்சியில் பிறந்ததாகக் கதை சொல்வார்கள். ஆனால் 1879-இல் வெளிவந்த வர்ஜீனியா சமையல் நூலிலேயே செய்முறை இருக்கிறது. பல தேயிலைகளின் சாறு ஆறினால் கலங்கிவிடும். நீலகிரி இலைத் தேயிலை பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். அதனாலேயே ஐஸ் தேநீருக்கு அதை விரும்பி வாங்குகிறார்கள். (குளிரில் இனிப்பு மட்டுப்படுவதால் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார்களே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.)

எங்களுக்கும் அரை ஏக்கர் தேயிலை உண்டு. அப்பா பச்சைக் கொழுந்தை மூட்டை கட்டித் தொழிற்சாலைக்கு அனுப்புவார்; கடையில் தூள் வாங்கி வருவார். எங்கள் பக்கத்துக் கொழுந்தில் பெரும்பகுதி சி.டி.சி. இயந்திரத்தில் நசுங்கிக் குருணையாகிறது. நிறமும் கடுப்பும் மிகுந்த அதற்குப் பால்தான் பொருத்தம். கிலோவுக்கு என்ன விலை என்பதே வீட்டில் பேச்சு. அந்த இலை எப்படி மணக்கும் என்று ஒருநாளும் பேசியதில்லை. பால் தேநீர் என் விருப்பம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வேறொன்றைக் குடித்தே பாராதவன் விருப்பம் என்று எதைச் சொல்வது?

பொங்கல் விடுமுறையில் மாமா கொடுத்த தேயிலையை வடித்து இரவெல்லாம் திண்ணையில் வைத்தேன். எங்கள் ஊரில் ஐஸ் எதற்கு? காலையில் அப்பாவிடம் நீட்டினேன்.

"சளி பிடிக்கும்டா" என்று முகம் சுளித்தார். ஆனாலும் குவளையைக் கீழே வைக்கவில்லை. பாதி குடித்துவிட்டு, "எந்தத் தோட்டத்து இலை இது?" என்றார்.

பிறகு இருவரும் சூடாக ஆளுக்கொரு தம்ளர் குடித்தோம்.