'புரிந்துகொண்டேன்' பட்டனை அழுத்தினா பழக்கம் மாறாது



உங்க போன்ல இருக்குற டிரேடிங் ஆப்ல எஃப் அண்ட் ஓ பக்கம் போயிருந்தா, ஒரு எச்சரிக்கையைப் பார்த்திருப்பீங்க. "பத்தில் ஒன்பது தனிநபர் வர்த்தகர்களுக்கு நிகர நஷ்டம்" என்பதுதான் அதோட சாரம். செபி 2023 மே மாதம் போட்ட உத்தரவு இது. ஜூலை 1-லிருந்து எல்லா புரோக்கர்களும் லாகின் பண்ணும்போதே இதைக் காட்டணும். படிச்சதா நீங்க ஒப்புக்கிட்ட பிறகுதான் உள்ளே போக முடியும்.

கடைசியா அதை எப்போ முழுசா படிச்சீங்க?

பெரும்பாலானவங்களுக்கு அது ஒரு பட்டன், அவ்வளவுதான். கட்டைவிரல் தானா அழுத்திடும். அதுக்கப்புறம் நடந்ததை செபியே 2024 செப்டம்பர்ல ஆய்வா வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ பண்ணின ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். சராசரியா ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்தமா 1.8 லட்சம் கோடிக்கும் மேல. 2023-24-ல வர்த்தகம் பண்ணினவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல, ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழன்னு சொன்னவங்க. 30 வயசுக்குக் கீழ இருக்குறவங்களோட பங்கு ஒரே வருஷத்துல 31%-லிருந்து 43% ஆச்சு. அதாவது, இந்தப் பதிவைப் படிக்கிற உங்க வயசுக்காரங்க.

சந்தை ஏறுமுகமா இருந்தது, தினமும் ஏதாவது ஒரு எக்ஸ்பைரி இருந்தது. அதெல்லாமும் காரணம்தான். ஆனா எனக்கு முக்கியமாப் பட்ட எண் வேற. தொடர்ந்து நஷ்டப்பட்டவங்கள்லயும் 75%-க்கு மேல வர்த்தகத்தை நிறுத்தலை. அவங்களுக்கு எச்சரிக்கை தேவையே இல்ல, நஷ்டம் அவங்க சொந்த அக்கவுண்ட்லயே தெரியுது. அப்படியும் நிறுத்தலை.

தகவல் வேற, கேள்வி வேற

நம்மள்ல நிறைய பேர் எக்ஸ்பென்ஸ் டிராக்கர் ஆப் வச்சிருக்கோம். மாசக் கடைசியில வட்டமா ஒரு கலர் படம் வரும்: உணவு 28%, ஷாப்பிங் 17%. பார்த்துட்டு "அய்யய்யோ"ன்னு ஒரு நிமிஷம் வருத்தப்படுவோம். அடுத்த மாசமும் அதே படம்தான் வரும்.

ஏன்னா, எண் எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும். உங்ககிட்டயிருந்து எதையும் கேட்காது. பழக்கம் மாறணும்னா, முடிவெடுக்கிற அந்த நேரத்துல, நீங்களே உங்க வார்த்தையில பதில் சொல்ற மாதிரி ஒரு கேள்வி வேணும். 'புரிந்துகொண்டேன்'னு யார் வேணா அழுத்தலாம். "இந்த மாசம் எவ்வளவு போனா நிறுத்துவேன்?"னு கேட்டா, ஒரு தொகையை எழுதியே ஆகணும். எழுதுற அந்த இருபது செகண்ட்லதான் கை நிக்குது.

எழுதுறது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. டூப்ளேவுக்கு துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-லிருந்து 1761 வரைக்கும் இதே புதுச்சேரியில உட்கார்ந்து தமிழ்ல டைரி எழுதினவர். கப்பல் வந்தது, வியாபாரம் நடந்தது, யார் என்ன சொன்னாங்கங்கிறதோட, தான் என்ன நினைச்சார்னும் எழுதினார். நமக்கு அவ்வளவு வேண்டாம், ரெண்டு வரி போதும்.

தப்பான கேள்வி பர்ஸைக் காலி பண்ணும்

இங்க ஒரு எச்சரிக்கை. எந்தக் கேள்வி கேட்டாலும் நல்லதுன்னு நினைக்காதீங்க. 1993-ல அமெரிக்காவுல விக்கி மார்விட்ஸும் அவரோட சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு. கார் வாங்குற எண்ணம் இருக்கான்னு சிலர்கிட்ட கேட்டாங்க, சிலர்கிட்ட கேட்கலை. கேட்கப்பட்டவங்கதான் அதிகமா வாங்கினாங்க. கேள்வியே ஆசையைத் தட்டி எழுப்பிடுச்சு.

அதனால "இந்த போனை வாங்கலாமா?"ன்னு தினமும் உங்களையே கேட்டுக்கிட்டா, நீங்களே உங்களுக்கு விளம்பரம் போடுறீங்கன்னு அர்த்தம். "நான் ஏன் இப்படி இருக்கேன்?"ங்கிற கேள்வியும் உதவாது. அது குற்ற உணர்ச்சியைத்தான் கொடுக்கும். குற்ற உணர்ச்சி வந்தா மனசை ஆத்திக்க இன்னொரு ஆர்டர் போடுவோம்.

என் கருத்துல, பயன்படுற கேள்விகள் மூணுதான்:

1. இந்தப் பணம் இங்க போனா, இந்த மாசம் எது நிக்கும்? (எஸ்ஐபியா, வீட்டுக்கு அனுப்புறதா, கார்டு பில்லா? பேர் சொல்லுங்க.)
2. இப்போ மணி என்ன, நான் எப்படி இருக்கேன்? (ராத்திரி பதினொன்றரை, மேனேஜர் திட்டின நாள்னு பதில் வந்தா, காலையில முடிவு பண்ணுங்க.)
3. எது நடந்தா நான் நிறுத்துவேன்?

மூணாவதுதான் உயிர்நாடி. பீட்டர் கோல்விட்ஸர்ங்கிற உளவியல் ஆய்வாளர் 1999-லயே இதை விளக்கியிருக்கார். "செலவைக் குறைப்பேன்"ங்கிற பொதுவான உறுதிமொழியைவிட, "இது நடந்தா, இதைச் செய்வேன்"னு முன்கூட்டியே போடுற திட்டம் நல்லா நிக்குது.

நம்ம ஊர் உதாரணத்தையே எடுத்துக்குவோம். பாண்டியில வேலை பார்க்குறவங்களுக்கு ஒரு தனிச் செலவு உண்டு: வீக்கெண்ட் விருந்தாளிங்க. "மச்சி, இந்த வாரம் பாண்டி வரோம்"னு சென்னையிலிருந்து மெசேஜ் வரும். வெள்ளிக்கிழமை ராத்திரி தொடங்கி, ஞாயிறு சாயங்காலம் பீச் ரோடுல கடைசி காபி வரைக்கும், போன்ல ஸ்கேன் பண்றது நீங்க. கேட்டா, "உங்க ஊரு ஆச்சே!" வராதீங்கன்னு சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். மெசேஜ் வந்த அன்னைக்கே ரெண்டு வரி எழுதுங்க: "இந்த வாரம் என் பங்கு 1,500 ரூபாய். முதல் பில் நான் கட்டினா, அந்த டேபிள்ல இருந்தே குரூப்ல ஸ்ப்ளிட் போடுவேன்." சங்கடமா இருக்கும்தான். ஆனா அந்தச் சங்கடத்தோட விலை என்னன்னு மாசக் கடைசியில உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி போதாத இடம்

சில இடங்கள்ல கேள்வி எடுபடாது. கிரெடிட் கார்டுல 50,000 ரூபாய் பாக்கி, மாசம் 3.5% வட்டின்னு வச்சுக்குவோம். வட்டி 1,750. அதுக்கு 18% ஜிஎஸ்டி 315. மொத்தம் 2,065. நீங்க 2,500 மட்டும் கட்டினா, அசல்ல குறையுறது வெறும் 435 ரூபாய். இங்க தினமும் யோசிச்சுப் பார்க்க ஒண்ணும் இல்ல. முழு பில்லுக்கும் ஆட்டோ டெபிட் போடுங்க. முடியலைன்னா கார்டை உபயோகிக்கிறதை நிறுத்திட்டு, பாக்கியைக் குறைஞ்ச வட்டிக்கு மாத்துங்க.

செபியும் கடைசியில எச்சரிக்கையோட நிக்கலை. 2024 நவம்பர் 20-லிருந்து ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு குறியீட்டுக்கு மட்டும்தான் வாராந்திர எக்ஸ்பைரின்னு கட்டுப்படுத்தினாங்க. புது இன்டெக்ஸ் ஒப்பந்தங்களோட குறைந்தபட்ச மதிப்பையும் 15 லட்சமாக்கினாங்க. பாதையையே கொஞ்சம் கரடுமுரடாக்கினாங்கன்னு சொல்லலாம். நீங்களும் பண்ணலாம்: ஷாப்பிங் ஆப்ல சேமிச்சு வச்ச கார்டை நீக்குங்க, சம்பளம் வர்ற மறுநாளே எஸ்ஐபி தேதியை வைங்க.

இன்னொண்ணையும் நேர்மையா சொல்லணும். 18,000 ரூபாய் சம்பளத்துல வாடகை கட்டி, வீட்டுக்கும் அனுப்புறவருக்கு டைரி எழுதச் சொல்றது அநியாயம். அங்க குறையுறது வருமானம், ஒழுக்கம் இல்ல. இந்தக் கேள்விகள், கையில கொஞ்சம் மிஞ்சியும் அது எங்க போகுதுன்னு தெரியாம முழிக்கிறவங்களுக்கு.

ஜூலைக்குக் காத்திருக்காதீங்க

ஒரு ஆடிட்டரா எனக்கு வருத்தம் தர்றது இதுதான். நிறைய பேர் தங்களோட மொத்த எஃப் அண்ட் ஓ நஷ்டத்தை முதல்முறையா பார்க்குறது ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போதுதான். அப்போதான் தெரியவரும்: அது பிசினஸ் கணக்கு, ஐடிஆர்-1 போதாது, ஐடிஆர்-3 போடணும். அந்த நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்கவும் முடியாது. உரிய தேதிக்குள்ள ஃபைல் பண்ணினா எட்டு வருஷம் வரைக்கும் முன்னெடுத்துட்டுப் போகலாம், அவ்வளவுதான். போன பணம் போனதுதான்.

வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கு உங்களைக் கேள்வி கேட்கிறதைவிட, வாரத்துக்கு ஒரு தடவை நீங்க கணக்கைக் கேளுங்க. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பத்து நிமிஷம், ஒரு நோட்டு. மூணு கேள்வியையும் மொத்தமா ஆரம்பிக்க வேண்டாம். மூணாவதை மட்டும் எடுத்துக்கோங்க. உங்களுக்கு அதிகமா உறுத்துற ஒரே ஒரு செலவுக்கு, "இது நடந்தா, இதைச் செய்வேன்"னு ஒரு வரி. நாலு வாரம் அதே வரியைப் பாருங்க. மீறியிருந்தா வரியை அடிச்சுட்டு, உங்களால காப்பாத்த முடியுற மாதிரி மாத்தி எழுதுங்க.