துருசு திறவாமல் விளைச்சலைக் கேட்காதீர்

லீக் போட்டிகளுக்கான வீரர் தெரிவு முடிந்த மறுநாளே, டொரன்டோ முதல் இரணைமடு வரை நம்மவர்கள் தராசைத் தூக்கிவிடுகிறார்கள்: இவன் தேறுவான், அவன் தேறான். இந்தச் சோதிடத்தை நான் ஏற்பதற்கில்லை.

2013 இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தெரிவில் முதலிடம் பெற்றவர் அந்தனி பென்னட். நான்கு பருவங்களோடு அந்த லீக்கில் அவர் ஆட்டம் முடிந்தது. 15ஆவதாக எடுக்கப்பட்ட யானிஸ் அன்டெட்டோகூன்போவோ 2019, 2020 ஆகிய ஈராண்டும் மிகச்சிறந்த வீரரானார். அவரது அணி காத்திருந்தது. களத்தில் நேரம் கொடுத்தது.

நம் மண்ணுக்கு வருவோம். 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கின் யாழ்ப்பாண அணி வியாஸ்காந்த், கபில்ராஜ், டினோஷன் ஆகிய இளைஞர்களைச் சேர்த்தது. டிசம்பர் 4 அன்று பந்து கைக்கு வந்தது. வியாஸ்காந்த் அஞ்செலோ மத்யூஸை வீழ்த்தினார். 2024 இல் ஐ.பி.எல். களத்திலும் இறங்கினார். மற்ற இருவரை அவரோடு ஒப்பிடுவோரே, அவர்களுக்குக் கிடைத்த ஓவர்களையும் எண்ணினீர்களா?

இரணைமடு விவசாயியைக் கேளுங்கள். குளம் 36 அடி நிறைந்தாலும், துருசு திறந்து வாய்க்காலில் நீர் வராவிட்டால் வயல் விளையாது. வன்னிப் பிள்ளைகளின் திறமையும் அவ்வாறே தேங்கிக் கிடக்கிறது. தராசைக் கீழே வையுங்கள். முதலில் துருசைத் திறவுங்கள்.