பெயரைப் பார்த்து வாங்கியவை

வாங்கிய நாள் தொட்டு ஒருமுறையேனும் பயன்படுத்தப்படாத பொருள் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கும். அதை ஏன் வாங்கினீர்கள் என்று யாரேனும் வினவினால் உடனே ஒரு காரணம் கூறுவீர்கள். அக்காரணம் பெரும்பாலும் வாங்கிய பின்னர் தேடிக் கண்டுபிடித்ததாகவே இருக்கும். உண்மைக் காரணத்தைச் சொல்ல நமக்கு நாணம். என்னிடமும் அத்தகைய நூல் ஒன்று உண்டு. அதன் கதையைச் சொல்வதற்கு முன் ஓர் அமெரிக்க விளையாட்டைப் பற்றிச் சற்று நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், பின்னர் கணினித் துறையில் பட்டம் பெற்று அமெரிக்காவில் பணிபுரிகிறார். 2018-ஆம் ஆண்டு விடுமுறையில் ஊர் வந்தவர், நலம் விசாரித்து முடித்ததும் பையிலிருந்து பழைய நூல் ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். "ஹஜ்ரத், இதன் பெயரைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். 'அல்-கதீம்' என்று ஆங்கில எழுத்துகளில் இருந்தது. மதரஸாவின் வாசற்படியை மிதித்த எவரும் இச்சொல்லை அறிவர். அல்லாஹ்வின் ஸிஃபாத்துகள் இருபதை மனனம் செய்யும் சிறுவன், உஜூதுக்கு அடுத்தபடியாக ஓதுவது கிதம் என்பதைத்தான். தொடக்கமில்லாதவன் என்ற பொருளில் அவனைக் கதீம் என்கிறோம். அகீதா நூலொன்றை யாரோ ஆங்கிலத்தில் பெயர்த்திருக்கிறார்கள் போலும் என்று மகிழ்ந்து திறந்தால், உள்ளே ஜின்களும் வாள் ஏந்திய வீரர்களும் மணற்புயலில் அசையும் ஒட்டகங்களும்! அது 1992-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று வெளியிட்ட விளையாட்டு நூல். ஆயிரத்தோர் இரவுகளின் சாயலில் ஒரு கற்பனை நாட்டை அமைத்து, அவ்விளையாட்டு நூலுக்கு இப்பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

"கடையின் அலமாரியில் முதுகுப்புறம் மட்டுந்தான் தெரிந்தது, ஹஜ்ரத். நானும் அகீதா கிதாப் என்றுதான் உருவினேன். அட்டையைக் கண்டதும் அப்படியில்லை என்று விளங்கிவிட்டது. ஆனாலும் அந்தச் சொல்லை அந்தக் கடையில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை" என்றார் மாணவர்.

ஒரு பொருளை வாங்குவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அவ்விளையாட்டு என்ன என்று கேட்டேன். அவர் விளக்கியதையும் நான் பின்னர் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதை சொல்கிறார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். "குகையின் வாயிலில் நிற்கிறீர்கள், உள்ளிருந்து ஓர் ஓசை கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்கிறார் கதை சொல்பவர். ஒருவர் உள்ளே நுழைவேன் என்பார். மற்றவர் கல்லெறிந்து பார்ப்பேன் என்பார். முயற்சி பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். வெற்றி பெற்றவர், தோற்றவர் என்ற முடிவு கிடையாது. கதை மறுவாரமும் தொடரும். நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது, 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்த பேரன் திடீரென்று எழுந்து, "நான் அந்த இளவரசன், நான் காட்டுக்குப் போகமாட்டேன்" என்று மறித்தால் எப்படியிருக்கும்? அதற்குச் சட்டதிட்டம் வகுத்துப் பெட்டியில் அடைத்து விற்றிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இவ்வகையில் முதலாவது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது. 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் எழுதி, விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவன வேலையை இழந்து, வீட்டிலேயே காலணி பழுதுபார்த்துப் பிழைத்தவர். மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டி, விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகளே. அவை ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன.

பகடை உண்டு என்றதுமே உங்களில் பலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. பகடையாட்டம் குறித்து ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ள கடும் எச்சரிக்கையை அறியாதவனல்லன் நான். இவ்விளையாட்டை உங்கள் வீட்டுக்கு அழைத்து வருவது என் நோக்கமன்று. வாங்கியவர்களின் மனத்தைப் பற்றியே பேச வந்தேன்.

அந்த மனம் விந்தையானது. இவ்விளையாட்டுக்குரிய பகடைகள் ஆறு முகம் கொண்டவை மட்டுமல்ல; 4, 8, 12, 20 முகங்கள் கொண்டவையும் உண்டு. தொடக்கக் காலத்தில் இவை பள்ளிகளுக்குக் கணித உபகரணம் விற்போரிடம் கிடைத்தன. 1979-இல் தட்டுப்பாடு ஏற்பட்டு, பெட்டிக்குள் பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து விற்றார்கள். பின்னர் வந்த பெட்டியில் பகடையோடு, எண்களின் பள்ளத்தில் தேய்த்து நிரப்ப ஒரு மெழுகு வண்ணக்குச்சியும் இருந்தது. அந்தப் பகடைகளின் அழகுக்காகவே பெட்டியை வாங்கிவிட்டு, புத்தகத்தைத் திறக்காமலேயே வைத்தவர்கள் உண்டாம். வரைபடம் பிடித்திருந்தது என்று வாங்கியவர்களும், நண்பன் வாங்கினான் என்று வாங்கியவர்களும் உண்டாம்.

விலக்கியதால் வாங்கியவர்களின் கதை இன்னும் சுவையானது. 1979-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமற் போனார். பல்கலைக்கழகத்தின் அடியில் செல்லும் நீராவிக் குழாய்ச் சுரங்கங்களில் இவ்விளையாட்டை ஆடித் தொலைந்திருக்கலாம் என்று துப்பறிவாளர் ஒருவர் ஊகித்தார். பத்திரிகைகள் அதை நாடெங்கும் பரப்பின. ஊகம் பொய்யானது; அந்தப் பிள்ளையின் துயரங்கள் வேறு. ஆயினும் பெற்றோர் அஞ்சினர். 1980-களில் தேவாலயங்களில் எதிர்ப்புக் கிளம்பியது. விற்பனையோ பன்மடங்கு பெருகியது. ஒரு நூலைத் தாக்கி மேடையில் முழங்கிவிட்டு, மறுநாள் அதே நூல் கடைவீதியில் தேடப்படுவதைக் கண்ட நம்மவர்களுக்கு இதில் புதுமை ஏதும் இராது.

நம் முன்னோரிடமும் இந்த நோய் இருந்தது. குர்துபா நகரின் நூற்சந்தையில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை, 17-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரீ தம் 'நஃப்ஹுத் தீப்' நூலில் பதிந்து வைத்திருக்கிறார். ஹள்ரமீ என்னும் அறிஞர் தமக்குத் தேவையான ஒரு கிதாபுக்காக நெடுநாள் காத்திருந்தார். ஒருநாள் அது ஏலத்துக்கு வந்தது; அழகிய கையெழுத்து, நேர்த்தியான கட்டமைப்பு. இவர் விலை கேட்கக் கேட்க வேறொருவர் உயர்த்திக்கொண்டே போனார். நூலின் மதிப்பையும் கடந்து விலை ஏறிற்று. போட்டியிடுபவர் பெரிய ஆலிமாயிருக்க வேண்டும் என்றெண்ணி அவரிடம் சென்று, "தங்களுக்கு இது அவசியமெனில் நான் விலகிக் கொள்கிறேன்" என்றார் மரியாதையுடன். அந்தச் செல்வரோ, தாம் ஆலிம் அல்ல என்றும், அந்நூலில் என்ன இருக்கிறது என்றே தெரியாது என்றும், ஊர்ப் பெரியோரிடையே மதிப்புப் பெற நூலகம் அமைத்ததாகவும், அதில் இந்நூல் அளவுக்கு ஓர் இடைவெளி இருப்பதாகவும் கூறினார். பல்லில்லாதவனுக்குத்தான் பருப்பு வாய்க்கிறது என்று மனம் நொந்தபடி திரும்பினார் ஹள்ரமீ.

இக்கதையை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்; பிள்ளைகள் சிரிப்பார்கள்; நானும் சிரிப்பேன். அந்தச் செல்வர் நான்தான் என்பது 2022 வரை எனக்கு உறைக்கவில்லை.

மாணவர் அன்று மற்றொரு நூலையும் கொண்டுவந்திருந்தார். அதே கடைக்காரர், "நீங்கள் முஸ்லிமா? அப்படியானால் இதையும் பாருங்கள்" என்று காட்டினாராம். 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' என்ற விளையாட்டின் மறுபதிப்பு. 1975-இல் முதலில் வந்தபோது, 10 டாலர் பெட்டிக்குப் பக்கத்தில் இது 25 டாலர். ஆக்கியவர் எம்.ஏ.ஆர். பார்க்கர். எம்.ஏ.ஆர்.! நம்மூர் ஜவுளிக்கடைப் பலகையில் காணும் தலைப்பெழுத்துகள் அல்லவா? முஹம்மது அப்துர் ரஹ்மான் என்பதே அவற்றின் விரிவு. 1929-இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1951-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியா வந்தவர். இங்கேயே இஸ்லாத்தைத் தழுவியவர். அமெரிக்கப் பூர்வகுடியினரின் கிளாமத் மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதினார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழித் துறையில் பேராசிரியராக இருந்தார். 2012-இல் மறைந்தார்.

பெயரைக் கேட்டதும் நான் எழுந்து சென்று என் அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்து வந்தேன். 'எ கோர்ஸ் இன் உருது', முதற்பாகம். மூன்று பாகங்களாக 1967-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக இஸ்லாமிய ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. கல்லூரி நாள்களில் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையொன்றில் வாங்கியது. உருது கற்கும் எண்ணம் எனக்கு அன்று துளியும் இல்லை. அட்டையில் முஹம்மது அப்துர் ரஹ்மான் என்ற பெயரை அடுத்துப் பார்க்கர் என்று கண்டேன். வெள்ளைக்காரர் ஒருவர் நம் பெயரைத் தாங்கியிருக்கிறார் என்ற பூரிப்பில், ஒருநாள் உணவுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டேன். விடுதியில் ஒவ்வோர் அறையாகக் கொண்டு சென்று அட்டையை மட்டும் காட்டினேன். அதன்பின் அதைத் திறக்கவில்லை.

அதே மனிதர் இந்த விளையாட்டையும் படைத்தவர் என்றதும் ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து மகிழ்ந்தோம். அந்தக் கற்பனை உலகுக்கென அவர் ஒரு மொழியையே இலக்கணத்தோடு உருவாக்கியிருக்கிறார். அவ்வுலகில் இருபது தெய்வங்கள் உண்டு என்று மாணவர் சற்றுத் தயங்கிச் சொன்னார். இருபது ஸிஃபாத்தைக் கற்பிக்கும் எனக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். "கற்பனைதானே, தம்பி" என்று அவருக்காக நானே வழக்காடினேன். வேறு பெயருடையவர் எழுதியிருந்தால் அப்படி வழக்காடியிருக்கமாட்டேன்.

2022 மார்ச்சில் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. பார்க்கர் 1991-இல் ராண்டால்ஃப் கால்வர்ஹால் என்ற புனைபெயரில் 'சர்ப்பென்ட்ஸ் வாக்' என்றொரு நாவல் எழுதியிருக்கிறார். ஹிட்லரின் எஸ்.எஸ். படையினரின் வழிவந்தோரைக் கதைமாந்தராக உயர்த்திக் காட்டும் நாஜிச நாவல் அது. யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்று வாதிட்ட ஓர் ஆங்கில ஏட்டின் ஆலோசனைக் குழுவிலும் 1990 முதல் அவர் பெயர் இருந்திருக்கிறது. அவருடைய படைப்புகளைப் பேணிவரும் அறக்கட்டளையே நாவலைப் பற்றிய உண்மையை வெளியிட்டது.

இதை ஒரு ஜும்ஆவுக்குப் பின் நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர், "யூதர்களுக்கு எதிராகத்தானே எழுதினார், ஹஜ்ரத்; அதில் நமக்கென்ன?" என்றார். நல்ல மனிதர், ஃபலஸ்தீனத்தின் துயரத்தை எண்ணிக் கேட்டார். எனக்கோ உடல் நடுங்கிற்று. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்பது ஸூரத்துல் மாயிதாவில் நமக்கு இடப்பட்ட கட்டளை. அதை ஓதிவிட்டுத்தான் அன்று மிம்பரிலிருந்து இறங்கியிருந்தேன். குழந்தைகளையும் முதியோரையும் நச்சுவாயு அறைகளில் அடைத்துக் கொன்றது நடந்த உண்மை. அதை மறுப்பவர் நம் பெயரைத் தாங்கியிருந்தாலும் பொய்யரே. இதை அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொண்டாரா என்பதும் தெரியவில்லை.

மாணவர் தம் விளையாட்டு நூலை விற்கவும் மனமின்றி, வைத்திருக்கவும் மனமின்றி இருக்கிறார். 'அல்-கதீம்' மட்டும் இன்னும் அவர் மேசையில் உள்ளதாம்.

நானோ அன்றிரவு உருதுப் பாடநூலை அப்புறப்படுத்த எண்ணிக் கையில் எடுத்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக என்னிடம் இருந்தும் நான் பார்த்திராத ஒன்றை அப்போதுதான் பார்த்தேன். பார்க்கரின் பெயருக்குக் கீழே, அவரோடு சேர்ந்து இந்நூலை உருவாக்கியவர்கள் என்று மூவர் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. ஹஸன் ஜஹாங்கீர் ஹம்தானி, க்வாஜா முஹம்மது ஷஃபீ திஹ்லவி, ஷஃபீகுர் ரஹ்மான். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களும் நம் பெயரைத் தாங்கியவர்களே. விடுதியின் எந்த அறையிலும் நான் அவர்களைக் காட்டவில்லை.

நூலை இருந்த இடத்தில் வைக்கவில்லை. மேசை மீது வைத்தேன். இப்போது இஷாவுக்குப் பின் தினமும் ஒரு பக்கம் படித்து வருகிறேன். ஏழாம் பாடத்தில் நிற்கிறேன்.