வெட்டி எறிந்த பகுதியில் இருந்தது வேகம்

நொதி என்றால் புரதம். தொடக்கக்கல்லூரியில் உயிரியல் படித்த நாங்கள் அப்படித்தான் எழுதிப் பழகினோம். ஆர்என்ஏயும் வினையூக்கியாகச் செயல்படும் என்பது ஒரு வரிச் செய்தியாக வந்துபோகும். அதைக் கண்டறிந்ததற்காகத் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் 1989ல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றார்கள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

‘சுத்தியல் தலை’ ரைபோசைமை எடுத்துக்கொள்வோம். தாவரங்களைத் தொற்றும் சிறு ஆர்என்ஏக்களில் 1986ல் கண்டறியப்பட்டது. மூன்று தண்டுகள் கூடும் இடத்தில், சுமார் 15 நியூக்ளியோடைடுகள் கொண்ட மையம். வெட்டும் வேலை அங்கேதான் நடக்கிறது. எனவே ஆய்வாளர்கள் மையத்தை வைத்துக்கொண்டு தண்டுகளைக் கத்தரித்தார்கள். சுருக்கிய வடிவமும் சோதனைக்குழாயில் வெட்டியது. செய்வதற்கும் எளிது. பல ஆண்டுகள் அதுவே மாதிரியாக இருந்ததில் வியப்பில்லை.

2003ல் வந்த ஆய்வுகள் நிலைமையை மாற்றின. கத்தரித்த இரு தண்டுகளின் முனைகளும் ஒன்றையொன்று தொட்டு, மையத்தைச் சரியான வடிவில் பிடித்து வைத்திருந்தன! அந்தப் பிடி இல்லாததால் சுருக்கிய வடிவத்துக்கு 10 மில்லிமோலார் அளவில் மெக்னீசியம் தேவைப்பட்டது. செல்லுக்குள் கட்டுறாமல் இருப்பதோ ஏறத்தாழ 1 மில்லிமோலார்தான். முழு வடிவம் அதிலேயே நன்றாக வெட்டும். சில வகைகள் ஆயிரம் மடங்கு வரை வேகமானவை.

அதற்காக, நீளமாக இருந்தால் நல்லது என்றும் முடிவுகட்ட முடியாது. இலக்கைப் பற்றும் கைகளை நீட்டினால் பிடி இறுகும். வெட்டிய துண்டுகளை விடாது. ஒன்றை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகத் தாமதமாகும். எழுத்து ஒன்றிரண்டு மாறிய தவறான இலக்கையும் அது விடாமல் பிடித்து வெட்டிவிடும். அளவோடு தளர்ந்த கைகளே நல்லவை என்பது எனக்கு மிகவும் பிடித்த முரண்.

என் குறை இதுதான்: பாடத்தில் நொதியைப் பூட்டும் சாவியுமாக வரைகிறோம், வினை நடக்கும் இடத்திற்கு அம்புக்குறி போடுகிறோம், மீதியை வெறும் நிரப்பியாகவே நினைத்துக்கொள்கிறோம். நாளை மருந்தை வடிவமைக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் ஆபத்தானது. சோதனைக்குழாயில் ஓடுவது செல்லுக்குள்ளும் ஓடும் என்று அவர்கள் நம்பிவிடக்கூடாது.

ஒரு பாடவேளை போதும். சுருக்கியது, முழுமையானது என இரு வரிசைகளையும் மாணவர்களிடம் கொடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மடிப்பு மென்பொருளில் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். இரண்டிலும் அதே மூன்று தண்டுகளையே எதிர்பார்க்கலாம். முனைகள் தொட்டுக்கொள்வதை அந்த மென்பொருள் காட்டாது. பிறகு இரண்டின் வேகத்தையும் சொல்லி, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்கட்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. “தேர்வில் வருமா?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வராதுதான், ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.