நன்னூலும் நான்கு வண்ண அட்டைகளும்

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் நாம் பணிபுரியும் பொறியியல் கல்லூரியில் ஆசிரியர்களுக்கென இரண்டு நாள் பயிலரங்கம் ஒன்று நடைபெற்றது. மாணவரின் ஆளுமை வகையையும் கற்றல் பாணியையும் அறிந்து தொழில்நுட்ப வகுப்புகளை நடத்துவது எப்படி என்பது பொருள். அதன் தொடர்ச்சியாக முதலாமாண்டு மாணவர் அனைவருக்கும் ஒரு வினாத்தாள் தரப்பட்டது. விடைகளைக் கூட்டிப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ண அட்டை வழங்கினார்கள். பார்த்துக் கற்பவருக்கு நீலம், கேட்டுக் கற்பவருக்குப் பச்சை, படித்தும் எழுதியும் கற்பவருக்கு மஞ்சள், செய்து கற்பவருக்குச் சிவப்பு. வருகைப் பதிவேட்டிலும் பெயருக்கு எதிரே அந்த வண்ணத்தின் முதலெழுத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். நாமும் குறித்துக்கொண்டோம். குறித்துக்கொண்ட குற்றத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் மாணவரில் பெரும்பாலோர் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கிடையே புகுந்து வகுப்புக்கு வந்து சேர்பவர்கள். மீன்பிடிப்போர், சுமை தூக்குவோர், லாரி ஓட்டுநர், ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள். பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2022இல் பொறியியல் முதலாமாண்டுப் பாடத்திட்டத்தில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்னும் இரு பாடங்களைச் சேர்த்த பின்னர், தமிழிலக்கியம் பயின்ற நம்மைப் போன்றோருக்கும் தொழில்நுட்பம் பற்றி அவர்களோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது.

இரண்டாம் பருவத்தில் கலம் கட்டும் கலை பற்றிய பகுதி நடந்துகொண்டிருந்தது. அதைப் படித்துவிட்டு, படகு தொடர்பான ஏதேனும் ஒரு வேலைமுறையை அரைப்பக்கத்தில் விளக்கி எழுதுமாறு கேட்டோம். காசிமேட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர் மட்டும் எழுதவில்லை. அவருடைய தந்தையார் விசைப்படகில் தொழில் செய்பவர். விடுமுறை நாள்களில் இவரும் படகில் வேலை பார்ப்பதுண்டு. எழுதாததற்குக் காரணம் கேட்டபோது, கைப்பேசி உறையின் பின்புறத்தில் செருகி வைத்திருந்த சிவப்பு அட்டையை எடுத்துக் காட்டினார்.

“டெஸ்ட்டுலயே வந்துச்சு ஐயா. நான் செஞ்சு கத்துக்கிறவனாம். படிச்சிப் புரிஞ்சிக்கிறது நமக்கு வராதாம்.”

குறும்பாகச் சொல்லவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டுவதுபோல்தான் காட்டினார். முதற்பருவத்தில் அவர் கணிதத் தாளில் தவறியிருந்தார். அட்டைதான் அதற்குக் காரணம் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் புத்தகத்தைத் திறக்காமல் இருந்ததற்கு அவர் சொன்ன காரணம் அட்டைதான்.

அன்று மாலை பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். நம் செயலும் அவர் செயலுக்குக் குறைந்ததாக இல்லை. ‘சி’ என்று குறிக்கப்பட்ட பெயர்களிடம் பருவம் முழுவதும் நாம் விளக்கம் கேட்கும் வினாக்களை ஏறக்குறைய நிறுத்தியிருந்தோம். கணினியைப் பொருத்த, ஒலிபெருக்கியைத் தூக்கி வைக்க, கண்காட்சிக்குத் தட்டி கட்ட அவர்களை அழைத்திருந்தோம். அதை அவர்களுடைய பாணிக்கு ஏற்ற பயிற்சி என்றே எண்ணியிருந்தோம்.

வினாத்தாளை மறுபடி படித்தோம். புதிய கருவி ஒன்றை வாங்கினால் முதலில் என்ன செய்வீர்கள் என்பது அதில் ஒரு வினா. கையேட்டைப் படிப்பேன், தெரிந்தவரைக் கேட்பேன், படத்தைப் பார்ப்பேன், இயக்கிப் பார்ப்பேன் என்பன விடைகள். இரண்டாம் கையாக வாங்கிய எஞ்சினோடு கையேடு வருவதில்லை. கையேடு என்ற ஒன்றையே வீட்டில் கண்டிராத பிள்ளை ‘இயக்கிப் பார்ப்பேன்’ என்றுதானே எழுதும்? வினாத்தாள் அளந்தது பிள்ளையின் மனத்தையன்று, பிள்ளையின் வீட்டை. சிவப்பு அட்டை பெற்றவர்களில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் சுமைதூக்குவோர் வீட்டுப் பிள்ளைகளும் மிகுந்திருந்ததற்கு வேறு விளக்கம் நமக்குத் தோன்றவில்லை.

இந்த வகைப்பாடுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் மனித மனப்போக்கின் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் மாந்தரை 16 ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் வினாத்தாளை உருவாக்கினர். இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவர் அல்லர். 1988இல் வேதிப்பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஃபெல்டரும் உளவியலாளர் லிண்டா சில்வர்மனும் பொறியியல் கல்விக்கெனவே கற்றல் பாணிகளை வகுத்தனர். நம் பயிலரங்கத்தின் நான்கு வண்ணங்களுக்கு மூலம், நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் 1992இல் முன்வைத்த நால்வகைப் பகுப்பு.

இவற்றில் ஃபெல்டரின் நோக்கம் மதிக்கத்தக்கது. பொறியியல் ஆசிரியர் கரும்பலகையில் சூத்திரம் எழுதிக்கொண்டே போகிறார். படமும் இல்லை, செய்முறையும் இல்லை, மாணவர் பேச இடமும் இல்லை. இதை மாற்றுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். ஒவ்வொரு மாணவருக்கும் அவர் விரும்பும் பாணியில் மட்டும் கற்பிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எல்லாப் பாணிகளும் சமநிலையில் கலந்த வகுப்பையே வேண்டினார். ஆசிரியருக்குச் சொன்ன அறிவுரை, கைமாறிக் கைமாறி மாணவர் கழுத்தில் தொங்கும் அட்டையாகிவிட்டது.

ஆய்வுகள் சொல்வது என்ன? 2004இல் இங்கிலாந்தில் ஃபிராங்க் காஃபீல்டும் அவர் குழுவினரும் கற்றல் பாணி பற்றிய கோட்பாடுகளைத் திரட்டியபோது 71 தேறின. 71 வகையாகப் பிரிக்க முடிகிறது என்றால் எந்தப் பிரிவும் இயற்கையில் இல்லை என்ற ஐயம் எழுவது இயல்பு. 2008இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் நேர்மையான ஒரு சோதனையை முன்வைத்தனர். மாணவரைப் பார்ப்பவர், கேட்பவர் எனப் பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் பாதிப்பேருக்குப் படம் காட்டியும் மீதிப்பேருக்குச் சொல்லியும் கற்பியுங்கள். இறுதியில் எல்லாருக்கும் ஒரே தேர்வு வையுங்கள். பார்ப்பவர் படத்தாலும் கேட்பவர் சொல்லாலும் மிகுதியாகக் கற்றிருந்தால் கோட்பாடு மெய். இம்முறையில் நடந்த ஆய்வுகள் மிகச் சிலவே என்றும், அவற்றிலும் கோட்பாட்டுக்குப் போதிய சான்று இல்லை என்றும் அவர்கள் முடிவு கூறினர். மாணவருக்கு விருப்பங்கள் உண்டு. விருப்பப்படி கற்பித்தால் கூடுதலாகக் கற்பார் என்பதற்குத்தான் சான்றில்லை.

அப்படியானால் மாணவர் எல்லாரும் ஒரே வார்ப்பா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. ஒருவர் கூச்சமுடையவர், ஒருவர் முந்திக்கொண்டு பேசுபவர். ஒருவருக்குக் கரும்பலகை தெரியவில்லை. அவருக்கு வேண்டியது கண்ணாடி, பச்சை அட்டையன்று. எல்லாவற்றினும் பெரிய வேறுபாடு, அவர் முன்பே என்ன அறிந்திருக்கிறார் என்பது. புதிதாய்க் கற்பவருக்கு முழுதும் செய்து காட்டிய கணக்குகள் உதவுகின்றன. ஓரளவு தேர்ந்தவருக்கு அவையே இடையூறாகின்றன என்பதைக் கற்றல் உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த வேறுபாடு பாடத்துக்குப் பாடம், மாதத்துக்கு மாதம் மாறுவது. அட்டை மாறாதது.

எந்தப் புலனால் கற்பது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பாடப்பொருளே. வெல்டிங் கற்பவர் உருகிய உலோகத்தைக் கண்ணாடிக் கவசத்தின் வழியே பார்க்க வேண்டும். சட்டியில் எண்ணெய் பொரிவதுபோல் சீராக வரும் ஓசையைக் காதால் கேட்க வேண்டும். கையின் வேகத்தை அடக்க வேண்டும். எந்த உலோகத்துக்கு எவ்வளவு மின்னோட்டம் என்பதைப் படித்தறிய வேண்டும். இவற்றில் எதை விட்டாலும் இணைப்பு விரிசல் விடும். பொறியியல் வரைபடத்தின் முன்தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் எவ்வளவு கேட்டாலும் காதால் கற்க இயலாது. வடசென்னையின் தெருக்கள்தோறும் இருக்கும் கேரம் பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா இப்பகுதியின் பெண். விரல் சுண்டுவதால் அது கைவேலையா? கட்டையில் பட்டுத் திரும்பும் காயின் கோணத்தைக் கணிப்பதால் மனவேலையா? அங்கே இரண்டையும் பிரிக்க முயல்பவர் ஒரு காயைக்கூடக் குழியில் தள்ளமாட்டார்.

மாணவரை வகைப்படுத்துவது நமக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் அன்னமும் ஆவும் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை. ஆனால் அப்பகுதியை ஊன்றிப் படிப்பவர் இரண்டு செய்திகளைக் காண்பர். ஒன்று, அவை புலன்களின் பெயரல்ல, செயல்களின் பெயர். மேய்ந்ததை அசைபோடுவது ஆ. கேட்டதைச் சிந்தவிடுவது இல்லிக்குடம். நேற்று இல்லிக்குடமாக இருந்தவர் இன்று ஆவாக மாறலாம் என்பது நம் வாசிப்பு. மற்றொன்று, நன்னூலார் ஆசிரியரையும் விடவில்லை. ஆசிரியராகத் தகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, முடத்தெங்கு, பருத்திக்குண்டிகை என்று நான்கு உவமைகள் வைத்திருக்கிறார். போட்ட வரிசையை விட்டு வாய்க்கு வந்தபடி கொட்டும் குடம். தானாக விழுந்தாலன்றிக் கனி தராத பனை. நம் பயிலரங்கத்தில் ஆசிரியருக்கென ஓர் அட்டையும் இல்லை என்பதை இங்கே நினைத்துக்கொண்டோம்.

நன்னூலைப் புகழ்ந்து மட்டும் நிறுத்துவது நேர்மையாகாது. பாடம் சொல்லத் தகாதோர் பட்டியலும் அதே பாயிரத்தில் உண்டு. அதில் சினத்தனும் கள்வனும் இருப்பதோடு பிணியனும் மந்தனும் இருக்கிறார்கள். வகைப்பாடு எவ்வளவு எளிதாக வாயிற்கதவாகிவிடும் என்பதற்கு நம் இலக்கணமே சான்று.

அந்தக் கதவை இந்த மாநிலம் ஒருமுறை கண்டிருக்கிறது. 1953இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த திட்டத்தின்படி, பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியில் பயில வேண்டும். மறுவேளை குடும்பத் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்றுக் கடும் எதிர்ப்புக்குள்ளான அதனை, 1954இல் முதலமைச்சரான காமராசர் கைவிட்டார். செய்தொழிலைக் கற்பது இழிவென்று அன்று எதிர்த்தவர் எவரும் சொல்லவில்லை. இன்னார் பிள்ளைக்கு இன்னது போதும் என்று பிறர் முடிவு செய்வதையே எதிர்த்தார்கள். 70 ஆண்டுகளுக்குப் பின், காசிமேட்டுப் பிள்ளையின் கையில் ‘உனக்குக் கைதான்’ என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கொடுத்தபோது நாம் செய்தது என்ன? அன்று பிறப்பின் பெயரால் சொன்னதை இன்று உளவியலின் பெயரால் சொன்னோம். இந்த முறை அந்தப் பிள்ளையே அதை நம்பி, கைப்பேசி உறைக்குள் பத்திரப்படுத்தியதுதான் வேறுபாடு.

அந்த அரைப்பக்கத்தின் கதையையும் சொல்லிவிடுகிறோம். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “தம்பி, உங்கள் படகில் நீங்களே செய்த வேலை ஒன்றை எழுதுங்கள்” என்றோம். எஞ்சினிலிருந்து வரும் தண்டு படகின் அடிப்பகுதியைத் துளைத்துக் கடலுக்குள் செல்லும் இடத்தில், நீர் கசியாதிருக்கக் கொழுப்பில் தோய்த்த கயிற்றைச் சுற்றி இறுக்குவதைப் பற்றி நான்கு வரி எழுதி வந்தார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்டோம். முழுதும் இறுக்கக் கூடாது, சொட்டுச் சொட்டாக நீர் வரவேண்டும் என்றார். ஏன் என்று கேட்டோம். அப்பா அப்படித்தான் செய்வார் என்றார். அந்த ‘ஏன்’ அவரை இயந்திரவியல் ஆசிரியரிடமும் அங்கிருந்து உராய்வு பற்றிய பாடத்துக்கும் அனுப்பியது. முற்றாக இறுக்கினால் உராய்வால் தண்டு சூடேறித் தேயும். சொட்டும் நீரே அதைக் குளிர்விக்கிறது என்பது மூன்றாம் படியில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அவர் கை அறிந்திருந்ததன் காரணத்தை அவருக்குத் தந்தது படிப்பும் எழுத்தும். நம் கேள்வி மட்டும் ஒரு பருவம் தாமதமாக வந்தது.

பின்னர் அதை அவரே வகுப்பில் விளக்கினார். ஆசிரியர் சொல்வதைச் செம்மையாகக் கொண்டாலும் புலமை கால் பங்குதான், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை என்று கணக்கிட்டவரும் நன்னூலாரே. அந்தக் கணக்கில் வண்ணம் ஏதுமில்லை. எல்லா மாணவருக்கும் ஒரே கணக்கு.

இந்தக் கல்வியாண்டில் நம் பதிவேட்டில் பெயர்களுக்கு எதிரே எழுத்துகள் இல்லை. பருவத் தொடக்கத்தில் மாணவரிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: இப்பொருளைப் பற்றி உங்களுக்கு முன்பே என்ன தெரியும்? விடை ஒரு வரியாகவும் வரும், ஒரு பக்கமாகவும் வரும். அங்கிருந்து தொடங்குகிறோம். ஆசிரியப் பணியில் இருக்கும் நண்பர்கள் தம் பதிவேட்டையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். எழுத்துகள் அதில் இல்லாமல் இருக்கலாம். யாரிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டோம் என்பது அவரவர் மனத்துக்குத் தெரியும்.