காரின் விலை குற்றமல்ல

பழைய மாருதி 800-ஐ வாங்கி, அலாய் வீல் மாட்டி, ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டும் பையன்களால்தான் சாலையில் ஆபத்து என்கிறார்கள். இதை ஏற்க முடியாது.

இளம் ஓட்டுநர்களுக்கு அனுபவம் குறைவு. விபத்து வாய்ப்பு அதிகம். இது உண்மை. அதற்குத் தேவை நல்ல பயிற்சியும் கண்டிப்பான லைசென்ஸ் தேர்வும். காரின் விலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அந்த மாருதியின் 796 சிசி எஞ்சின் பெரும்பாலான மாடல்களில் 40 குதிரைத்திறனைக்கூட எட்டாது. 2024 மே மாதம் புனேயில் இரண்டு இளம் பொறியாளர்களின் உயிரைப் பறித்தது ஒரு போர்ஷே. ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு வயது 17. சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது, அவருக்கு முதலில் கிடைத்த ஜாமீனின் நிபந்தனைகளில் ஒன்று. பட்டறையில் வேலை பார்க்கும் பையனுக்கு இந்தச் சலுகை கிடைத்திருக்குமா?

காதைப் பிளக்கும் சைலன்சரையும், எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும் விளக்கையும் கழற்ற வையுங்கள், அபராதம் போடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியில் செய்த மாற்றத்தைத்தான் பார்க்கிறது. ஓட்டுபவரின் வயதையோ வருமானத்தையோ அல்ல.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் படுத்து, தேய்ந்த பிரேக் ஷூவைத் தன் கையாலேயே மாற்றுகிற இளைஞனைப் பொறுப்பற்றவன் என்பது அநியாயம்.

வண்டியை நிறுத்துங்கள். வேகம், குடி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சோதியுங்கள். ஸ்டிக்கரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.