செய்திக் காணொளியும் எமது கணினியும்

வானொலியிற் செய்தி கேட்பவனை நோக்கி, "நின் பெட்டி எந்தக் கம்பனியார் செய்தது?" என்று ஒலிபரப்பு நிலையத்தார் வினவியதில்லை. ஆயின் கணினியிலே செய்திக் காணொளி காணப் புகுந்தோரிடம் அவ்வினா நெடுங்காலம் எழுப்பப்பட்டது. மேசைக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை வைத்திருக்கும் எம்மனையோர் இதனை நன்கறிவர்.

1991ஆம் ஆண்டிலே பின்லாந்து மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. எவருந் திறந்து பார்த்துத் திருத்தத்தக்கது. பிறர் கழித்துவிட்ட கணினியும் இதனால் உயிர்பெறும். எம் வீட்டுக் கணினியும் அவ்வகையதே.

2007இல் பி.பி.சி. நிறுவனத்தார் ஐபிளேயர் சேவையைத் தொடங்கியபோது, நிகழ்ச்சிகளைப் பதிவிறக்கும் வசதி விண்டோஸ் உடையோர்க்கே கிட்டிற்று. தொலைக்காட்சிக் கட்டணத்தை மட்டும் எல்லாரிடமும் பெற்றனர்! முறைப்பாடுகள் எழுந்தன, அவ்வாண்டு டிசெம்பரிற் பிளாஷ் வழியாக ஏனையோரும் காணலாயினர். அந்தப் பிளாஷும் ஒரு கம்பனியின் உடைமையே. 2020 டிசெம்பர் 31உடன் அடோபி நிறுவனத்தார் அதற்கு அளித்த ஆதரவை நிறுத்தினர்.

லினக்ஸ் உடையோர் சிலரன்றோ, அவர்பொருட்டுத் தனிமுயற்சி ஏன் என்பாருளர். நாம் தனிமுயற்சி வேண்டவில்லை, பொதுநியமத்தையே வேண்டுகின்றோம். பிளாஷ் மறைந்தபோது இழப்பு எல்லார்க்கும் நேர்ந்தது. 2001 செப்ரெம்பர் 11ஆந் திகதித் தாக்குதல்பற்றி அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் பிளாஷில் ஆக்கிய பக்கங்கள் பல இருபதாண்டுக்குள் திறவாதொழிந்தன. 1841இல் யாழ்ப்பாணத்தில் வெளிவரத் தொடங்கிய உதயதாரகையின் பழந்தாளொன்றை இன்றும் வாசிக்கலாம். கண்ணும் வெளிச்சமும் போதும்.

2014 ஒற்றோபரில் எச்.ரி.எம்.எல். 5 நியமம் நிறைவேறியபின் நிலைமை பெரிதுந் திருந்திற்று என்பதை ஒப்புக்கொள்ளல் முறை. பயர்பொக்ஸ் உலாவியில் இன்று பெரும்பாலான செய்திகள் தடையின்றி ஓடுகின்றன. எனினும் 2017இல் அந்நியமங்களை வகுக்கும் அவையே, பூட்டிட்ட காணொளிகளுக்கும் வழி வகுத்தது. திரைப்படக்காரர் தம் சரக்கைப் பூட்டிவைப்பதை ஒருவாறு பொறுப்போம். வெள்ளம் வருகிறதென்று அறிவிக்குஞ் செய்திக்கும் அப்பூட்டு வந்துசேருமாயின் பொறுத்தல் இயலாது.

பொதுப்பணத்தில் இயங்கும் செய்தி நிலையத்தார், ஒவ்வொரு காணொளியின் அடியிலும் அதன் எழுத்துவடிவையும், உரிமைக்கட்டணமற்ற வெப்எம் வடிவிலே சிறிய கோப்பொன்றையும் வைப்பாராக. எம் பழங்கணினிக்கு அதுவே அமையும்.